மதி என்றொரு சாட்சி

கம்பத்தில் ஞானமங்களம் மருத்துவமனைக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது ஒரு மீன் தொட்டி. அடுத்து, நிறுவனர் டாக்டர் ஞானசிகாமணி யாரிடமோ கேடயம் வாங்கும் படம். அதற்கும் அடுத்து, அதே டாக்டர் வேறு யாரிடமோ வேறொரு கேடயம் வாங்கும் படம். 'நோயாளிகளின் உரிமைகள்' என்ற பலகையும் அங்கே இருக்கத்தான் செய்தது. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் கேட்பார்கள் என்பதற்காக மாட்டியது. அதன் முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூங்கில் நின்றது. ரஃபியா இலைகளை விலக்கிக்கொண்டு படித்தாள்.

"காட்டுக்குள்ள என்ன தாயி தேடுற?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"நம்ம உரிமைய, அண்ணே. இங்கனதான் எங்கயோ இருக்காம்."

"கிடைச்சா எனக்கும் ரெண்டு பறி."

ரஃபியா உத்தமபாளையத்துக்காரி. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்து வருடம் பொய்களைத் தோண்டியெடுத்துவிட்டு, இப்போது வாழைக்காய் மண்டி ஒன்றின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். ஈஸ்வரபாண்டி இருபது வருடம் குமுளி மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்காரர். இப்போது அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவர்.

இவர்களை இங்கே கொண்டுவந்தது மாரீஸ்வரி என்ற நர்ஸின் வழக்கு. பதினெட்டு நாள் முன்பு பண்ணைப்புரத்து மலையம்மாள் கர்ப்பப்பையில் கட்டி என்று இங்கே சேர்ந்தாள். கட்டியை மட்டும் எடுங்கள் என்றாள். மயக்கம் தெளிந்தபோது கர்ப்பப்பையும் போயிருந்தது. அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்த மாரீஸ்வரியிடம், "எனக்கு என்னத்த எடுத்தாக?" என்று கேட்டாள். மாரீஸ்வரி உண்மையைச் சொன்னாள். குற்றம் அவ்வளவுதான்.

மறுநாள் மாரீஸ்வரியின் பெயர் பணிப் பட்டியலில் இல்லை. நோயாளியின் குறிப்பேட்டிலிருந்து பதினான்காம் பக்கத்தைக் கிழித்தாள், நோயாளியைப் பொய் சொல்லித் தூண்டிவிட்டாள் என்று குற்றச்சாட்டு வந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவார்கள். பதிவேட்டிலிருந்து பெயர் போனால், ஒன்பது வருடம் செய்த வேலையை இனி எங்கேயும் செய்ய முடியாது.

நிர்வாக அதிகாரி விஜய்ராஜின் அறையில் ஏ.சி. ஒரு மாதிரி உறுமியது. எட்டு மாதம் முன்பு சென்னையிலிருந்து வந்தவர். கம்பத்து வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர்.

"பேஷன்ட் எழுதிக் கேட்டாங்க, காப்பி குடுத்துட்டோம். சட்டம் எங்களுக்கும் தெரியும்," என்று ஒரு கத்தையை நீட்டினார். மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகு தெரிந்துகொண்ட சட்டம்.

ரஃபியா புரட்டினாள். குறிப்பேட்டில் பதின்மூன்றுக்குப் பிறகு பதினைந்து. பக்கமெல்லாம் கட்டங்கள். நேரம், காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம். கடைசியில் 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் மாரீஸ்வரியின் உருண்டை எழுத்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 'தலை' ஒரு வரி, 'சுத்துதுன்னு' ஒரு வரி, 'சொன்னாக' ஒரு வரி.

கத்தையின் அடியில் ஒப்புதல் படிவம். கட்டியுடன் கர்ப்பப்பையையும் அகற்ற முழு மனதுடன் சம்மதிக்கிறேன் என்று அச்சு. கீழே மலையம்மாளின் ரேகை. அதற்கும் கீழே 'சாட்சி' என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்லில் கையெழுத்து.

மதி.

"யார் இந்த மதி?"

"பேஷன்டோட சொந்தக்காரங்க. கைநாட்டுன்னா சாட்சி வேணும்ல? போட்டாங்க."

"முகவரி இல்ல. போன் நம்பர் இல்ல."

"நீங்கதானே டிடெக்டிவ்? கண்டுபிடிங்க," என்று விஜய்ராஜ் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ஒண்ணு கேக்கறேன் மேடம். நாப்பத்தி நாலு வயசு. ரெண்டு பசங்க பெத்தாச்சு. இனிமே அது எதுக்கு அவங்களுக்கு? எடுத்தா நல்லதுதானே?"

ஈஸ்வரபாண்டி அவருடைய மீசையை உற்றுப் பார்த்தார். "சாருக்கு அம்பது இருக்குமா?"

"அம்பத்தி ஒண்ணு. ஏன்?"

"இல்ல, இந்த வயசுல மீசை எதுக்குன்னு நினைச்சேன். நீங்க தூங்குறப்ப வழிச்சு விட்டா நல்லதுதான?"

அறையை விட்டு வெளியே வரும்வரை ரஃபியா சிரிக்கவில்லை. வந்த பிறகு மூங்கிலுக்குப் பின்னால் நின்று சிரித்தாள்.

*

மாரீஸ்வரி எதிர்ச் சாரியில் டீக்கடை பெஞ்சில் காத்திருந்தாள். சீருடை இல்லை, ஆனாலும் நெஞ்சருகே குத்தியிருக்க வேண்டிய கடிகாரத்தைத் தேடி அவள் விரல் நொடிக்கொரு முறை சேலையைத் தொட்டுப் பார்த்தது. ஈஸ்வரபாண்டி உட்கார்ந்ததும் அவர் காலைப் பார்த்தாள்.

"அண்ணே, கணுக்கால் வீங்கியிருக்கே. தொட்டுப் பாக்கட்டுமா?"

"பாரும்மா, இதுக்கு எதுக்குக் கேக்குற?"

"கேட்டுட்டுத்தான் தொடணும்." குனிந்து, ஒரு விரலால் அழுத்தி, குழி விழுகிறதா என்று பார்த்தாள். "சுகர் பாத்துருங்க. இந்த வாரமே."

ஈஸ்வரபாண்டி மருத்துவமனையின் கண்ணாடி முகப்பைப் பார்த்தார். "கணுக்காலத் தொட இவ்வளவு கேக்குது இந்தப் புள்ள. அங்கன வயித்தையே தொறந்திருக்கான், ஒரு வார்த்தை கேக்கல."

"நான் கேட்டேண்ணே. அதான் வினையே," என்றாள் மாரீஸ்வரி. "ஆபரேஷனுக்கு முந்தி அவுககிட்டக் கேட்டு, பதினாலாம் பக்கத்துல எழுதி, பெரிய டாக்டர்கிட்ட நேர்ல சொன்னேன். கர்ப்பப்பைய எடுக்க வேண்டாம்னு சொல்லுதாக சார்னு. தலைய ஆட்டுனாரு. அவரு ஃபேனப் பாத்தும் அப்படித்தான் ஆட்டுவாரு. நாந்தான் ஏமாந்துட்டேன்."

"என்ன எழுதின? வார்த்தைக்கு வார்த்தை?"

"ஞாபகம் இல்லக்கா. ஒரு நாளைக்கு முப்பது பேரு. ஆனா அவுக சொன்னத அப்படியேதான் எழுதியிருப்பேன். 'வவுத்துக்குள்ள எலி ஓடுது'ன்னு சொன்னா 'வவுத்துக்குள்ள எலி ஓடுது'ன்னுதான் எழுதுவேன். நம்ம வார்த்தையா மாத்தக் கூடாதுன்னு ரம்லத் சிஸ்டர் சொல்லிக் குடுத்தது. மாத்துனா அது அவுக சொன்னதாகாது, நாம சொன்னதாயிரும்."

ரம்லத் அந்த மருத்துவமனையின் நர்சிங் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருட அனுபவம். இத்தனை நடந்தும் ஒரு வார்த்தை பேசாதவர் என்று மாரீஸ்வரிக்குக் கொஞ்சம் வருத்தம்.

"கைநாட்டு?"

"அது அவுக ரேகைதான். சேர்க்கையிலயே எல்லா ஃபாரத்துலயும் வாங்கிருவாக. உள்ள எழுதுறதெல்லாம் அப்புறம்."

ரஃபியா படிவத்தைக் காட்டினாள். "அப்ப மிச்சம் இருக்கது இந்த மதி ஒருத்திதான். பாத்திருக்கியா?"

மாரீஸ்வரி படிவத்தை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "யாரும் கூட வரலக்கா. பஸ்ஸுல தனியாத்தான் வந்தாக. ஆனா..."

"சொல்லு."

"இந்தக் கையெழுத்து. எம்மெழுத்து மாதிரியே இருக்கு."

ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்தார். உருண்டை ம. வாலை நன்றாகச் சுழித்த தி. பதினைந்தாம் பக்கத்து எழுத்துகளோடு அக்காள் தங்கை போல் இருந்தது.

"நான் போடலக்கா. சத்தியமா. நான் எதுக்கு மதினு போடுதேன்?"

"போட மாட்ட. ஆனா இத அவுக கவனிச்சா, படிவத்தையே நீதான் போலியாத் தயாரிச்சன்னு சொல்லிருவாக," என்றாள் ரஃபியா. மணி பதினொன்றரை. "மதிய நாம முதல்ல பிடிக்கணும்."

*

மேல்நாட்டு நாவல்களில் துப்பறிபவர் நீளக் கோட்டு அணிந்து மூடுபனியில் நடப்பார். தெருவிளக்கு மங்கலாக எரியும். இங்கே ஜீப்பின் கைப்பிடி தொட்டால் சுட்டது, முன்னால் வாழைத்தார் லாரி ஒன்று புகையும் சருகும் கக்கிக்கொண்டே போனது. இருந்தாலும் மர்மம் மர்மம்தான்.

"தாயி, எனக்கு ஒண்ணு தோணுது," என்றார் ஈஸ்வரபாண்டி. "இது பேரே இல்ல. முறை."

"எப்படி?"

"மதினி. கையெழுத்துப் போட வந்தவளுக்கு எடம் பத்தல. 'மதி' வரைக்கும் எழுதிட்டு 'னி'ய வீட்டுக்குக் கொண்டு போயிட்டா. மலையம்மாளோட அண்ணன் பொண்டாட்டி இருக்கால்ல, மார்க்கையன்கோட்டையில?"

ரஃபியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அபத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஊரில் அண்ணன் மனைவியை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது பெயர் கேட்டு, மலையம்மாள் "மதினி" என்று சொல்லி, எழுதியவன் பாதியில் விட்டிருந்தால்? வேறு துப்பும் கையில் இல்லை. வண்டி மார்க்கையன்கோட்டைக்குத் திரும்பியது.

மதினியின் பெயர் ராஜாத்தி. வயலில் நாற்றுக் கட்டைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தவள், விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்தாள்.

"நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேனா? எவன் சொன்னான்? ஆத்தாடி, கம்பத்துப் பக்கம் போயி ஆறு மாசமாச்சு. ஆபரேஷன்னே எங்களுக்கு முடிஞ்ச பொறவுதான தெரியும்? தனியாப் போயிட்டு தனியா வந்திருக்கா அந்த வீம்புக்காரி."

"மதினு உங்க வகையில யாராச்சும் இருக்காகளா? மதியழகன், வளர்மதி, இந்த மாதிரி?"

"எங்க வகையில அப்படி நாகரிகமாப் பேரு வைக்கத் தெரிஞ்சவுக கெடையாது."

"ஒரு கையெழுத்துப் போட்டுக் காட்டுறீகளாக்கா?"

ராஜாத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'ரா' தாளின் பாதியைப் பிடித்தது. 'ஜா' மீதியைப் பிடித்தது. 'த்தி' ஈஸ்வரபாண்டியின் உள்ளங்கையில் போய் முடிந்தது.

"எடம் பத்தலைன்னா இவுக விட மாட்டாக தாயி," என்றார் அவர், கையைப் பார்த்தபடி. "அடுத்த ஆளு மேல எழுதியாச்சும் முடிச்சிருவாக."

மணி ஒன்றரை. இருந்த ஒரே துப்பு நாற்றங்காலில் புதைந்துவிட்டது.

*

பண்ணைப்புரத்தில் மலையம்மாள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய் பறித்தவள். முகத்தில் வலி தெரிந்தது, சலிப்பு அதைவிட அதிகம் தெரிந்தது. ஈஸ்வரபாண்டி வழியில் ஒரு தூக்குவாளி நிறையப் பருத்திப்பால் வாங்கி வந்திருந்தார்.

"மதியா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாது," என்றாள். "எங்கூட ஒரு ஈ காக்கா வரல. பின்ன எவ போட்டா கையெழுத்து?"

"அதத்தான் தேடுறோம்."

"நல்லாத் தேடுங்க. எடுத்ததத் திருப்பி வைக்க முடியாதுன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சம்மதிச்சேன்னு எழுதி வச்சிருக்கான் பாருங்க, அது பொய்யி. ஏழு வாட்டி டாக்டரு வந்தாரு, ஏழு வாட்டியும் என் சீட்டப் பாத்துப் பேசினாரு, என்னப் பாக்கல. அந்த நர்சுப் புள்ளதான் கட்டில்ல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துக் கேட்டுச்சு. அதுக்குத் தண்டனையா?"

ஈஸ்வரபாண்டி டம்ளரில் பருத்திப்பாலை ஊற்ற ஆரம்பித்தார். பாதி நிறைந்தது. முக்கால் நிறைந்தது. மலையம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"மதி, மதி!"

ஈஸ்வரபாண்டி துள்ளி எழுந்து வாசலைப் பார்த்தார். "எங்க? எங்கன நிக்கா?"

வாசலில் ஒரு கோழி மட்டும் நின்றது. பருத்திப்பால் டம்ளரைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"யோவ், மதினு சொல்லுதேன், ஊத்திக்கிட்டே இருக்கீரு!" என்று மலையம்மாள் கத்தினாள். "போதும்னு சொன்னாக் காது கேக்காதா?"

ரஃபியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். "மலையம்மாக்கா, அந்த நர்சுப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீக? அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"என்னத்தச் சொன்னேன்? கர்ப்பப்பைய எடுக்க வேண்டாம், கட்டிய மட்டும் எடுத்தா மதின்னு சொன்னேன்."

ஜீப்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு கோழியின் அருகிலேயே உட்கார்ந்தார். "இருவது வருசம் தாயி. ஜீப்பு நிறைஞ்சா நானே 'மதி, மதி, இனி ஏறாத'ன்னு கத்துனவன். மலையாளத்தான்கிட்ட டீ வாங்குனாலும் மதி, சோறு வாங்குனாலும் மதி. அந்த மதியத் தேடி வயக்காட்டுல கையெழுத்து வாங்கிட்டு நிக்கேன்."

ரஃபியா ஒரு தாளில் இரண்டு விரல் அகலத்துக்குக் கோடு போட்டாள். அந்தச் சந்துக்குள் மாரீஸ்வரி எழுதுவது போலவே எழுதிப் பார்த்தாள்.

கர்ப்பப்பைய
எடுக்க
வேண்டாம்.
கட்டிய மட்டும்
எடுத்தா
மதி

கடைசிச் சொல் கீழே தனியாக நின்றது. யாரோ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதைப் போல.

"சென்னைக்காரருக்குச் சாட்சி ஒண்ணு வேணும். பக்கத்தப் பாக்கறாரு. கீழ ஒரு பேரு. யாரோ சொந்தக்காரி பக்கத்துல நின்னு கையெழுத்துப் போட்டிருக்கான்னு நினைச்சு, அதையே கண்ணாடியில வச்சுப் படிவத்துல வரைஞ்சிட்டாரு. அதான் மாரீஸ்வரி எழுத்து."

"அப்ப பதினாலாம் பக்கம்..."

"அவருகிட்ட இருந்திருக்கு. இருக்கு. ஆனா இத நாம சொன்னா, பக்கத்தக் கிழிச்சவ மாரீஸ்வரி, எழுத்தும் அவ எழுத்து, எல்லாம் அவ வேலைன்னு திருப்பிருவாரு." ரஃபியா எழுந்தாள். "நாம சொல்லக் கூடாது அண்ணே. அவரே சொல்லணும். மலையம்மாக்கா, ஜீப்புல வர முடியுமா? குலுங்கும்."

"உடம்ப அறுத்தவன் மூஞ்சியப் பாக்க நடந்தே வருவேன்," என்றாள் மலையம்மாள். "ஆனா இந்தாளு இனி எனக்கு எதையும் ஊத்தக் கூடாது."

*

விசாரணை மருத்துவமனையின் கூட்ட அறையில் நடந்தது. அறுத்த பெரிய டாக்டரே தலைவர். குற்றம் சாட்டிய விஜய்ராஜ் உறுப்பினர். நியாயத்துக்கு இதைவிடச் சுருக்கமான குழு அமைய முடியாது. மேசையின் மூலையில் ரம்லத், வெள்ளைச் சீருடையும் வெள்ளை முக்காடுமாக, நடவடிக்கைக் குறிப்பு எழுத உட்கார்ந்திருந்தார். மாரீஸ்வரி நாற்காலி இருந்தும் நின்றாள். ரஃபியாவும் ஈஸ்வரபாண்டியும் அவள் பக்கம்.

டாக்டர் ஞானசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு எனக்கு ரோட்டரி மீட்டிங். நோயாளிப் பாதுகாப்பு பத்திப் பேசணும். சீக்கிரம் முடிச்சுக்கலாம்."

ஈஸ்வரபாண்டிக்கு இருமல் வந்தது.

விஜய்ராஜ் படித்தார். பதினான்காம் பக்கம் காணவில்லை. கடைசியாகக் குறிப்பேட்டைக் கையாண்டவர் மாரீஸ்வரி. அதில் என்ன இருந்தது என்று நிர்வாகத்தில் யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கவில்லை. ஒப்புதல் படிவம் முறைப்படி இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது.

"அந்தப் பக்கத்த நீங்க யாருமே பாக்கல?" என்றாள் ரஃபியா.

"பாக்கறதுக்கு அது இருக்கணுமே மேடம். உங்க ஆள்தான் கிழிச்சுட்டாங்களே."

"எழுதிக்கிட்டீகளா சிஸ்டர்?"

"எழுதிட்டேன்," என்றார் ரம்லத், தலை நிமிராமல்.

"சரி. நாங்க மதியக் கண்டுபிடிச்சிட்டோம்."

விஜய்ராஜின் கை கோட்டுப் பொத்தானுக்குப் போனது. "எங்க?"

"பண்ணைப்புரத்துல. மலையம்மா வீட்டுலயே. நாங்க கண்ணால பாக்கல, ஆனா காதால நல்லாக் கேட்டோம். ரெண்டு பேரும் சாட்சி."

"பாத்தீங்களா? இருக்காங்கன்னு நான்தான் சொன்னேனே!" அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. தான் கற்பனை செய்த ஆள் உண்மையிலேயே உயிரோடு கிடைத்துவிட்ட எழுத்தாளனின் மகிழ்ச்சி.

"ஆனா ஒரு சிக்கல்," என்றாள் ரஃபியா. "மதி இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடல. போடவும் முடியாது. மதிக்குக் கையெழுத்தே போடத் தெரியாது."

விஜய்ராஜ் சிரித்துவிட்டார். "தெரியாதா? யாரை ஏமாத்தறீங்க? அந்த நர்ஸ் நோட்லயே போட்டிருக்காங்களே! குறிப்புக்குக் கீழ, தனியா, அழகா! நான் என் கண்ணால..."

நிறுத்தினார். ஏ.சி. உறுமும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள்ளே இன்னொரு சத்தம், பேனா தாளில் ஊர்வது. ரம்லத் எழுதிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கத்துல சார்?" என்று ரஃபியா பணிவாகக் கேட்டாள். "பதிமூணா? பதினஞ்சா? ரெண்டு காப்பியும் நீங்க குடுத்ததுதான். ரெண்டுலயும் மதி இல்ல."

"நான்... அது வந்து..."

"மதிக்குக் கையே கெடையாது சார்," என்றார் ஈஸ்வரபாண்டி கனிவோடு. "காலும் கெடையாது. குமுளிக்கு அந்தப் பக்கம் போயி ஒரு டீக்கடையில 'மதி'ன்னு சொல்லிப் பாருங்க. ஊத்துறத நிறுத்திருவான். போதும்னு அர்த்தம். இந்த ஊருல பச்சப் புள்ளைக்கும் தெரியும். நீங்க அதுக்கு உறவு முறையே சொல்லிட்டீக."

டாக்டர் ஞானசிகாமணி முதன்முறையாகக் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். அவர் உத்தமபாளையத்தில் பிறந்து வளர்ந்தவர். அர்த்தம் அவருக்குத் தெரியும். படிவத்தை அவர் படித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். சாட்சி என்ற இடத்தில் 'போதும்' என்று இருப்பதன் மேலே, பார்த்தேன் என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

ரம்லத் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து விஜய்ராஜின் முன்னால் கையை நீட்டினார். ஊசி போட மருந்துக் குப்பியைக் கேட்கிற மாதிரி, அவசரமில்லாமல்.

"பதினாலாம் பக்கம்."

"சிஸ்டர், நீங்க நிர்வாகத்துக்கு..."

"அது நிர்வாகத்தோட பக்கம் இல்ல சார். நோயாளியோட பக்கம். அதப் பாத்து வரைஞ்சவுக அசலக் கிழிச்சுப் போட மாட்டாக, அடுத்த ஃபாரத்துக்கும் சாட்சி வேணும்ல. குடுங்க."

விஜய்ராஜின் தோல் பையின் உள்ளறையிலிருந்து நான்காக மடித்த தாள் வந்தது. ரம்லத் அதைப் பிரித்து உரக்கப் படித்தார். கர்ப்பப்பைய எடுக்க வேண்டாம். கட்டிய மட்டும் எடுத்தா மதி. அதற்குப் பக்கத்திலேயே நேரம், தேதி, 'டாக்டரிடம் நேரில் சொல்லப்பட்டது' என்ற குறிப்பு, மாரீஸ்வரியின் உண்மையான கையெழுத்து.

மாரீஸ்வரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நான் பேசலன்னு நெனச்சிருப்ப," என்றார் ரம்லத் அவளைப் பார்த்து. "பேசுறதுக்கு ஆயிரம் பேரு இருக்காக. எழுதுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல. என்னையும் வெளிய அனுப்பிருந்தா இன்னைக்கு இங்கன உக்காந்து யாரு எழுதுவா?"

கதவு திறந்தது. ஜீப்பில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மலையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். மாரீஸ்வரி ஓடிப்போய், "பிடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகு தோளைத் தாங்கினாள்.

டாக்டர் ஞானசிகாமணி எழுந்தார். படங்களில் கேடயம் வாங்கும்போது வருமே, அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"வாங்கம்மா. ஏதோ கீழ் மட்டத்துல சின்னத் தவறு நடந்துபோச்சு. இவரு மேல நடவடிக்கை எடுத்துருவேன். மாரீஸ்வரி நாளைக்கே வேலைக்கு வரலாம். மேற்கொண்டு எதையும் எழுத்துல கொண்டுபோக வேண்டாம். நமக்குள்ள பேசி முடிச்சுக்கலாம். போதுமாம்மா?"

மலையம்மாள் அவரையே பார்த்தாள். பதினெட்டு நாளில் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது இதுதான் முதல் முறை.

"மதியாகாது," என்றாள்.

ரம்லத் தன் இடத்துக்குத் திரும்பிப்போய்ப் பேனாவைத் திறந்தார். கேட்டதைக் கேட்டபடி, இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவில் எழுதினார். பக்கத்தில் நோயாளியின் பெயரையும் நேரத்தையும் போட்டார். எவனும் இதையும் ஒரு ஆள் பெயரென்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, முழு வரியையும் அந்த ஒரு சொல்லுக்கே கொடுத்தார்.